அந்தக் குக்கர் எங்கிருந்து வந்தது?

மயிலாடிக்காரன்:
காலையிலேயே எரிச்சல். ஆப்பிரிக்காவில் மலாவிக்கு மிஷன் குழுவோடு போய்வந்த நம்ம தேன்கூடு தம்பி நேற்று எழுதியதைப் படித்தீர்களா? "பதினைந்து நாளும் அந்த மக்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டு, அவர்களில் ஒருவராகவே வாழ்ந்து ஊழியம் செய்தோம்" என்கிறார். சரி. அவர் போட்ட ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், பின்னால் ஜன்னல் திண்டில் ஐந்து லிட்டர் குக்கர், பக்கத்தில் மட்ட அரிசிப் பை, அதில் மலையாள எழுத்து. மலாவியில் மலையாளம் எப்போது வந்தது?

தேன்கூடு:
அண்ணே, பன்னிரண்டு பேர் போனோம். இரண்டு பேருக்குச் சர்க்கரை, ஒரு அக்காவுக்கு வயிற்றுப்புண். அரிசி அவர்களுக்காக. மற்ற எல்லோரும் தினமும் ன்சிமாதான். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டிக் கிண்டி இறுக்கி எடுக்கிற களி. சாப்பிடும் முன் ஒருவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நம் கையில் ஊற்றுவார், பிறகு களியைக் கையால் உருட்டிக் கீரையோ, உசிப்பா என்று ஏரியில் பிடிக்கிற பொடி மீனோ தொட்டுத் தின்பது. நம்ம ஊர் நெத்தோலிக் கருவாடு மாதிரியே இருக்கும். சிச்சேவா மொழியில் 'ஸிகோமோ' என்று நன்றி சொன்னால் அந்த அம்மாக்கள் முகத்தைப் பார்க்கணும்.

மயிலாடிக்காரன்:
சர்க்கரைக்காரருக்கு அரிசிச் சோறு! எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் தம்பி?

மேற்குக் காற்று:
முதலில் ஊழியம் என்றால் எது, உதவி என்றால் எது, ஊர் சுற்றுவது எது என்று பிரித்துக்கொண்டு பேசலாமே?

மயிலாடிக்காரன்:
அதை அப்புறம் பார்க்கலாம், இப்போது குக்கர். 1806-ல் ஆரல்வாய்மொழி தாண்டி எங்கள் ஊருக்கு வந்தார் ரிங்கல்தௌபே. பிரஷ்யாக்காரர், லண்டன் மிஷன் அனுப்பியவர். பத்து வருஷம் இருந்துவிட்டு 1816-ல் கிளம்பியபோது மேலே போட ஒரு கோட்டு இல்லை, தலையில் நாட்டு ஓலைத் தொப்பி. அவரைச் சென்னையில் பார்த்த பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். போனவர் அப்படிப் போனார். இங்கே போகும்போதே பெட்டியில் குக்கர்.

சேனைக்காரி:
பிரதர், மயிலாடி ஒன்றுதான் மிஷன் இல்லை. 1882-ல் பம்பாயில் இறங்கிய எங்கள் இரட்சண்ய சேனையின் பூத் டக்கர் காவி உடுத்தி, வெறுங்காலோடு நடந்து, ஃபக்கீர் சிங் என்று பெயரையே மாற்றிக்கொண்டார். உங்கள் சபையில் எத்தனை பேர் செருப்பைக் கழற்றினார்கள்?

மயிலாடிக்காரன்:
சகோதரி, செருப்பைப் பற்றி நான் பேசவே இல்லை. குக்கரைப் பற்றிப் பேசுகிறேன்.

பாறசாலை:
தேன்கூடு சொல்வதில் என்ன தப்பு? இங்கிலாந்து சாமர்வெல் டாக்டரும் 1922-ல் எவரெஸ்ட் ஏற முயன்றுவிட்டு ஊர் பார்க்கத்தானே வந்தார்? எங்கள் திருவிதாங்கூரில் நெய்யூர் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தார், காத்துக்கிடந்த கூட்டத்தையும் ஒற்றை சர்ஜனையும் கண்டார், மனசு மாறினார். சும்மா பார்க்கப் போனதில் இருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

மயிலாடிக்காரன்:
முதலில், "எங்கள்" திருவிதாங்கூர் இல்லை. 1956 நவம்பர் 1-லிருந்து நெய்யூர் எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம். இரண்டாவது, சாமர்வெல் 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போனாலும் திரும்பி வந்து, இருபது வருஷத்துக்கு மேல் நெய்யூரில் கத்தி பிடித்தார். உங்கள் ஆட்கள் பதினாறாம் நாள் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மாலையோடு நின்றார்கள்.

பாறசாலை:
1922-ல் நெய்யூரும் மயிலாடியும் பாறசாலையும் ஒரே ராஜாவின் கீழ். வரலாறு வாசித்தவருக்கு இது தெரியாதா? களியக்காவிளை எல்லைச் செக்போஸ்டைத் தலைக்குள் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் வரும்.

ரப்பர்வெட்டு:
பன்னிரண்டு பேர் விமான டிக்கெட் காசில் அங்குள்ள கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் வேலை கொடுத்திருந்தால் சுவரும் முடிந்திருக்கும், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும். வெள்ளையடிக்க இங்கிருந்தா ஆள் போகணும்? நம் சந்தில் மூன்று வருஷமாக வெள்ளை காணாத அங்கன்வாடி இருக்கிறது.

தேன்கூடு:
அண்ணன் நேரில் வந்து பார்த்தால் இப்படிப் பேச மாட்டீர்கள். அங்கே பிள்ளைகள் மரத்தடியில்

மயிலாடிக்காரன்:
மரத்தடியில் குக்கர் இருந்ததா?

தேன்கூடு:
உண்மையைச் சொல்லவா அண்ணே? குழுவில் பெயர் கொடுத்துவிட்டு நேர்முகத்தில் கழிந்துபோன கோபம் உங்களுக்கு. அதைச் சொன்னால் குக்கர் குக்கர் என்கிறீர்கள்.

மயிலாடிக்காரன்:
கழியவில்லை, நானே விலகினேன். ஏன் விலகினேன் என்று கன்வென்ஷன் சாப்பாட்டுக் கணக்கு எழுதியவரிடம் கேள், பெயர் சொல்ல மாட்டேன். கோபமாம்! நம்ம தமிழர், வெள்ளாளன்விளை அசரியா 1903-ல் திருநெல்வேலியில் மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு படித்து, தோர்ணக்கல்லில் போய் உட்கார்ந்து 1912-ல் அங்கேயே பிஷப் ஆனார். வெள்ளைக்கார மிஷனரிகள் எங்களோடு நண்பர்களாகப் பழகுவதில்லை, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டவர். நட்பு என்றால் சேர்ந்து சாப்பிடுவது சின்ன விஷயமா? அதனால்தான் நான் குக்கரை விடவில்லை. தனியாக விசில் விட்டுச் சாப்பிட்டவர் "அவர்களில் ஒருவராக" என்று எழுதக்கூடாது.

சேனைக்காரி:
அசரியாவையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்களா? ஆண்டவரே.

மேற்குக் காற்று:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாறசாலை:
விடுங்கள் சார், இங்கே கேள்விக்கு விசில்தான் பதில்.

தேன்கூடு:
கடைசியாகச் சொல்கிறேன், இனி எழுத மாட்டேன். அந்தக் குக்கரை நாங்கள் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. பள்ளியில் சமைக்கிற அம்மாவுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது அவர்கள் அதில்தான் பீன்ஸ் வேகவைக்கிறார்கள்.

மயிலாடிக்காரன்:
ஆக, குக்கர் உங்களுடையது. இதை ஒப்புக்கொள்ள இத்தனை நேரம்.

ரப்பர்வெட்டு:
மாற்று கேஸ்கட் கொடுத்தீர்களா தம்பி? என் வீட்டில் ஆறு மாசத்துக்கு ஒன்று போகிறது, மார்த்தாண்டத்திலேயே கம்பெனி கேஸ்கட் கிடைக்க நாலு கடை ஏறணும்.

தேன்கூடு:
ஒன்று கூடுதலாகக் கொடுத்தோம் என்றுதான் நினைவு.

மயிலாடிக்காரன்:
நினைவா? எத்தனையாவது படத்தில் இருக்கிறது, சொல் பார்ப்போம்.