4 கருதான் இருக்கிறது: 3ஆம் நாளே வைப்பதா, 5ஆம் நாள்வரை வளர்ப்பதா?

விவாதத்துக்கு (பேசுபவர்கள் புனைபெயரில்): ஐவிஎஃப் சிகிச்சையில், அதாவது முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கியதில், 4 கரு கிடைத்திருக்கிறது. கர்ப்பப்பையில் எப்போது வைப்பது என்பதே கேள்வி. இது 3ஆம் நாள் அறிக்கை. ஒன்று 8 செல், துண்டுகள் (செல் பிரியும்போது உதிரும் சிதறல்கள்) 10 சதவீதத்துக்குள். இன்னொன்று 8 செல், துண்டுகள் 20 சதவீதம். மற்றவை 6 செல், 4 செல். எது சரி?

வளர்தட்டு: 5ஆம் நாள்தான். கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்குவதே 4 முதல் 8 செல் கட்டத்தில். அதுவரை முட்டை சேர்த்துவைத்த சரக்கில்தான் கரு ஓடுகிறது. 3ஆம் நாள் அழகை நம்பித் தேர்ந்தெடுப்பது அவசரம்.

நுண்நோக்கி: 5ஆம் நாளுக்குள் நாலும் வளராமல் நின்றுபோனால் கர்ப்பப்பையில் வைக்க என்ன இருக்கும்? தட்டில் நிற்கும் கரு உள்ளேயும் நின்றிருக்கும் என்பது ஒவ்வொரு கருவுக்கும் நிரூபணமானதல்ல. உறைய வைத்தவற்றையும் சேர்த்து எண்ணினால், ஒரு முட்டை எடுப்புக்கான குழந்தைப் பிறப்பில் 5ஆம் நாளுக்குத் தெளிவான மேன்மை இல்லை.

அதைவிட, அந்த 6 செல், விந்தணு சேர்த்து எத்தனையாவது மணி நேரத்தில் எண்ணப்பட்டது? கருவை மதிப்பிடுவது பற்றி நிபுணர்கள் எடுத்த 2011 இஸ்தான்புல் ஒருமித்த முடிவுப்படி 3ஆம் நாள் பார்வை 68 மணியில்; ஒரு மணி முன்பின் ஆகலாம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 64இல் எண்ணிவிட்டு 'மெதுவான கரு' என்று எழுதுவது அநியாயம்.

வளர்தட்டு: இதில் உடன்படுகிறேன். 6 செல்லில் இரண்டு பெரிதும் நான்கு சிறிதுமாக இருப்பது இயல்பு. நான்கில் இரண்டு மட்டும் பிரிந்திருக்கின்றன. சமமில்லை என்று தரத்தைக் குறைக்கக் கூடாது. 8 செல்லில் சமமில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

உறைகலம்: கருவை வெளியே எடுக்காமலே தொடர்ந்து படமெடுக்கும் டைம்லாப்ஸ் இன்குபேட்டர் இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாமே?

நுண்நோக்கி: ஒரு செல் இரண்டாகாமல் நேரே மூன்றாகப் பிரியும் கோளாறை அது காட்டும், உண்மை. ஆனால் 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய சோதனையில் குழந்தைப் பிறப்பு கூடவில்லை. கூடுதல் கட்டணம் வாங்கும்போது அதையும் சொல்ல வேண்டும்.

20 சதவீதத் துண்டு இரண்டாம் தரம், அவ்வளவே. 3ஆம் நாளில் 40 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்ததுதான் துண்டு. அதற்கு மேல் இருந்தால் சிறு செல்லாக இருக்கலாம், உட்கருவைத் தேடுங்கள். 2ஆம் நாள் ஒரே செல்லில் இரண்டு உட்கரு தெரிந்ததா (அது நல்ல அறிகுறியல்ல) என்ற குறிப்பு அறிக்கையில் இல்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

உறைகலம்: அந்த 4 செல்?

நுண்நோக்கி: 68 மணியிலும் 4 என்றால் ஏறக்குறைய ஒரு நாள் பின்தங்கியிருக்கிறது. அதில் நம்பிக்கை குறைவு. முதல் 8 செல்லை இன்றே வைக்கலாம் என்பதே என் கருத்து.

வளர்தட்டு: எனக்கு இன்னும் மாற்றுக் கருத்துதான். ஆனால் ஆக்சிஜன் 5 சதவீதத்தில் இருக்க வேண்டும், கரு வளரும் திரவமான மீடியாவின் பிஎச் (அமில-கார அளவு) 7.2க்கும் 7.4க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் உறுதியில்லாத ஆய்வகத்தில் 5ஆம் நாள் போகாதீர்கள். போனால், அதே 2011 கணக்கில், 116 மணியில் பாருங்கள். பிளாஸ்டோசிஸ்ட், அதாவது 5ஆம் நாளில் உள்ளே திரவம் நிறைந்து பந்துபோல் ஆகும் கரு, அவ்வப்போது சுருங்கி விரியும். சுருங்கிய நேரத்தில் பார்த்தால் 4ஏபி என்ற நல்ல தரக் கரு கூட மட்டமாகத் தெரியும். இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். விரியாததையும் 6ஆம் நாள் பார்க்காமல் தட்டைக் கொட்டாதீர்கள்.