சஃபாரிக்கு என்ன உடுத்துவது: காக்கி மட்டும் போதுமா?

காக்கி இல்லாமல் சஃபாரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஜீப்பை விட்டு இறங்கப் போவதில்லை என்றால் நிறத்தைப் பற்றி ரொம்பவும் யோசிக்க வேண்டாம் என்பேன். ஆனால் நீலமும் கறுப்பும் மட்டும் வேண்டாம். காரணம் சிங்கம் இல்லை, ஆப்பிரிக்காவில் ரத்தம் குடிக்கும் செட்சி ஈ.

தான்சானியாவின் தரங்கிரி தேசியப் பூங்காவில் நேரிலேயே பார்த்தேன். எங்கள் வண்டியில் ஒருவர் கருநீல ஜீன்ஸில் வந்திருந்தார். புதர்க்காட்டுக்குள் நுழைந்ததும் ஈக்கள் வண்டியைத் துரத்த ஆரம்பித்தன. மற்றவர்களை விட்டுவிட்டு அவர் தொடையில்தான் போய் உட்கார்ந்தன. லேசாகத் தட்டினால் சாகிற ஈ இல்லை அது. மெல்லிய துணி என்றால் துளைத்துக்கொண்டே கடிக்கும், பூச்சி விரட்டி மருந்துக்கும் அவ்வளவாக அசராது. கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தில் நீலமும் கறுப்புமாக ஏதோ துணி தொங்கியது. "இங்கே வந்து யார் துணி காயப் போட்டது?" என்று கேட்டார் அவர். "ஈயைக் கவர்ந்து கொல்ல மருந்து தோய்த்துக் கட்டியது" என்றார் டிரைவர். மனிதர் தன் கால்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், அப்புறம் பேசாமல் ஒரு துண்டை எடுத்துத் தொடைமேல் போர்த்திக்கொண்டார்.

மண் நிறத்தில், சற்றுக் கனமான முழுக்கால் சட்டைதான் அங்கே சரி.

* * *

ஈ இருக்கட்டும், குளிரை யாருமே சொல்லவில்லையே. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் ஜூன், ஜூலை குளிர்காலம். விடியற்காலையில் 10 டிகிரிக்கும் கீழே போகும். திறந்த வண்டி ஓட ஓட, காற்று எலும்பு வரை ஏறும். மதியம் 25 டிகிரியைத் தொட்டுவிடும். அதனால் ஒரே தடிமனான கோட்டை நம்பாமல் பனியன், சட்டை, ஃப்ளீஸ் (கம்பளி போன்ற மெத்தென்ற மேல்சட்டை), மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கிக்கொண்டு, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றுவது நல்லது. கையுறையும் வேண்டும். எங்களோடு வந்தவருக்குச் சிறுத்தை எதிரே நின்ற நேரத்தில் விரல் மரத்துப்போய், கேமரா பொத்தானை அழுத்தவே முடியவில்லை!

* * *

நடந்து போகிறவர்களுக்குக் கதையே வேறு. சாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில், வெள்ளைச் சட்டையோடு வந்தவரை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார் வழிகாட்டி. பெரும்பாலான பாலூட்டிகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, ஆனால் வெள்ளை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்துவிடும். நடக்கும்போது சரசரக்கும் நைலான் பேண்ட்டும் வழிகாட்டிக்குப் பிடிக்கவில்லை.

அதற்காக ராணுவச் சீருடைபோல் திட்டுத்திட்டான உருமறைப்புத் துணியை வாங்கிவிடாதீர்கள். சாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் பொதுமக்கள் அதை அணியத் தடை உண்டு.

தொப்பிக்குத் தாடைக்கயிறு இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றில் பறந்துபோனால், வண்டியிலிருந்து இறங்கி எடுக்க விடமாட்டார்கள்.