பத்தடி இடைவெளியில் இரண்டு அழுகண்ணி: குரோமோசோம் பட்டை பார்த்தால் இனம் பிரிக்க முடியுமா?

உச்சிப்புளி வாத்தியார்:

உச்சிப்புளிக்குக் கிழக்கே பனைகளுக்கு நடுவில் ஒரு மணல் பள்ளம். ஐப்பசி மழையில் நிறைந்து, தை பிறக்கும்போது வெறும் ஈரமாக வற்றிவிடும். அந்த ஈரத்தில்தான் அழுகண்ணி முளைக்கிறது. உப்பளக் கரையில் படரும் கிரெஸ்ஸாவுக்கும் அதே பெயர் உண்டு. நான் கேட்பது பூச்சி பிடிக்கும் டிரோசிரா இண்டிகாவைப் பற்றி.

பள்ளத்தின் மேட்டில் இருப்பவை சிவந்த தண்டு, இளஞ்சிவப்புப் பூ. தண்ணீர் ஓரத்தில் இருப்பவை பச்சைத் தண்டு, வெள்ளைப் பூ. நடுவே பத்தடிகூட இல்லை, ஆனால் கலப்பாக ஒரு செடியும் கண்ணில் படவில்லை.

பள்ளியில் முப்பது வருடம் வெங்காய வேர்நுனியை நசுக்கிக் காட்டிய கை இது. அந்தத் தைரியத்தில் இதன் வேரையும் தோண்டினேன். தையல் நூலைவிட மெலிசு, அதிலும் பாதி மணல். அசிட்டோ-ஆர்சின் சாயத்தில் நசுக்கிப் பார்த்தால் மிளகுத்தூள் சிந்தியது போலப் புள்ளிகள், எண்ணக்கூட முடியவில்லை. குரோமோசோமில் அடர்ந்தும் வெளிறியும் பட்டைகள் தெரியச் சாயமேற்றும் ஜீம்சா முறை வீட்டில் சாத்தியமா? பட்டை வேறுபட்டால் இரண்டும் தனி இனம் என்று சொல்லிவிடலாமா?

வேர்நுனி:

ஐயா, புள்ளியாகத் தெரிந்ததற்கு உங்கள் கை காரணமல்ல. வெங்காயத்தின் 16 குரோமோசோம்களும் பெரியவை. டிரோசிராப் பேரினத்தில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. அதோடு இன்னொரு சிக்கல்: டிரோசிராவில் சென்ட்ரோமியர், அதாவது குரோமோசோமின் இடுப்பு, ஓரிடத்தில் இராமல் குரோமோசோமின் நீளம் முழுவதும் பரவியிருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. விவாதம் இன்னும் ஓயவில்லை. இடுப்பு தெரியாத குரோமோசோமில் குட்டைக் கை, நெட்டைக் கை என்று எதை அளப்பது? அதனால்தான் பட்டையைத் தேடிப் போனார்கள்.

ஜீம்சா முறையில் ஸ்லைடை பேரியம் ஹைட்ராக்சைடில் நனைத்து, வெந்நீர் உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சாயமேற்ற வேண்டும். இவ்வளவு சிறிய குரோமோசோமில் பட்டை எது, மிச்சம் எது என்று பிரித்தறிவது கடினம். ஜப்பானில் ஹோஷியும் கோண்டோவும் 1998இல் இந்தக் குடும்பத்துக்கு ஒளிர்சாயங்களைப் பயன்படுத்தினார்கள். குரோமோமைசின் என்ற சாயம் டி.என்.ஏ.வில் ஜி-சி எழுத்துகள் மிகுந்த இடத்தைப் பிடிக்கும், டாப்பி என்ற சாயம் ஏ-டி மிகுந்த இடத்தை. அதற்கு ஒளிர்வு நுண்ணோக்கி வேண்டும்; பள்ளி நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது.

எண்ணிக்கை மட்டுமாவது பாருங்கள். தோண்டிய வேர் வேண்டாம். விதையை ஈரமான வடிதாளில் முளைக்கவைத்து, புது வேரை செல் பிரிவைப் பாதியில் நிறுத்தும் 0.002 மோலார் ஹைட்ராக்சிகுயினோலினில் மூன்று மணி நேரம் குளிர்ச்சியாக வைத்து, பிறகு மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் போடுங்கள். எண்ணிக்கையே சில நேரம் பெரிய செய்தி சொல்லும். 20 குரோமோசோம் உள்ள டிரோசிரா ரொட்டண்டிஃபோலியாவும் 40 உள்ள இன்னோர் டிரோசிரா இனமும் சேர்ந்த கலப்புச் செடியின் முப்பதில், பத்து ஜோடி சேர்ந்து பத்து தனியாக நின்றதை ரோசன்பெர்க் 1909இல் விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தால், பட்டை கூடுதல் சாட்சிதான். ஒரே இனத்துக்குள்ளும் பட்டை மாறும். நாலைந்து செடி பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

தொண்டி மூலிகை:

வாத்தியார் ஐயா, மேட்டில் வெயில் நேராக அடிக்கும். அங்கே தண்டு சிவப்பதில் என்ன அதிசயம்? இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்த்துப் பார்த்தீர்களா? பூ நிறத்தை நம்பாதீர்கள், இண்டிகாவில் வெள்ளையும் உண்டு, இளஞ்சிவப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதன் நெருங்கிய உறவான ஹார்ட்மேயரோரம் என்ற இனத்துக்கு 2001இல் பெயர் வைத்தார்கள். அதன் அடையாளம் இலையில் இருக்கும் மஞ்சள் மணிகள், குரோமோசோம் அல்ல. முதலில் விதையின் மேற்பரப்பையும் இலை முடிகளையும் லென்ஸில் பாருங்கள்.

உச்சிப்புளி வாத்தியார்:

இருவருக்கும் நன்றி. தொட்டியில் வளர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. மாணவன் என்றால் காதைத் திருகியிருப்பேன். லினேயஸ் 1753இல் இண்டிகா என்று பெயர் வைத்தது இலங்கையிலிருந்து போன செடிக்கு. அக்கரைச் செடியை எங்கள் பள்ளத்துச் செடியோடு ஒப்பிட ஆசைதான், முதலில் இந்தப் பத்தடியை முடிக்கிறேன்.

இன்று காலை விதை எடுத்தேன். பொடி போல இருக்கிறது. கடற்காற்றில் பாதி பறந்துவிட்டது. மீதியை இரண்டு ஹோமியோபதிக் குப்பிகளில் போட்டு ‘மேடு’, ‘ஓரம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். விதைக்க எந்த மணல் நல்லது, வேர்நுனி? கடல் மணலை எத்தனை தரம் கழுவினாலும் உப்பு போகாது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வேர்நுனி:

வீட்டில் சொல்வது சரி. ஆற்று மணல், மழைநீர்.