லிப்பிட்: கொழுப்பா, கொழுமியமா, நிணமா?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினர்க்கு வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான பக்கவாதத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரத்தத்தில் ஓடும் கொழுப்பு வகைகளை அளக்கும் 'லிப்பிட் ப்ரொஃபைல்' என்ற சோதனைக்குத் தமிழ்ச்சொல் தேடி நிற்கிறேன். 'கொழுப்புப் பரிசோதனை' என்றால் ஒல்லியான பையன், "நமக்கெதுக்கு இது" என்று தாளை மடித்து வைத்துவிடுவான். பரம்பரைக் கோளாறால் எல்.டி.எல். என்ற 'கெட்ட கொலஸ்டிரால்' டெசிலிட்டருக்கு 190 மி.கி.க்கு மேல் போகிறவர்களில் எலும்பும் தோலுமாக இருப்பவர்களும் உண்டு. உடம்பில் போடும் கொழுப்பு வேறு, இரத்தத்தில் ஓடுவது வேறு என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

வேதியியல் ஆசிரியர்:
'கொழுமியம்' இருக்கிறதே. கொழுப்பு, எண்ணெய், மெழுகு, கொலஸ்டிரால் எல்லாம் அதில் அடங்கும். 'குருதிக் கொழுமிய அளவு' என்று எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
கொழுமையோடு 'இயம்' ஒட்டியது செயற்கை. சங்கப் பாட்டில் கொழுப்புக்கு 'நிணம்' இருக்க வேறெதற்கு? 'கொழு' ஏரில் மாட்டும் இரும்பு. கொழுகொம்பு, கொழுநன் இரண்டும் பற்றுக்கோடு என்ற பொருளில் வருபவை என்பது என் கருத்து. கொழுப்பும் அந்த வேர்தானா என்று தனி மடலே எழுதுவேன்.

மருத்துவர்:
ஐயா, நிணநீரை லிம்ஃபுக்குக் கொடுத்தாயிற்று. 'நிணம்' என்றதும் நோயாளிக்கு நிணநீர்க் கட்டிதான் நினைவுக்கு வரும். என் கவலை 'பக்கவாதம்' பற்றியது. 32 வயதுத் தம்பி ஒருவர்; காலையில் காபி டம்ளர் வலக்கையிலிருந்து நழுவியிருக்கிறது, பேச்சு குழறியிருக்கிறது. வாதம்தானே என்று வீட்டில் எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள். எங்களிடம் வந்தது மாலையில். இரத்த உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. 'மூளைத்தாக்கு' என்றால் கையைத் தேய்க்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர்:
எங்கட பக்கம் 'பாரிசவாதம்' எண்டால்தான் அம்மம்மாவுக்கும் விளங்கும்.

தமிழாசிரியர்:
பக்கவாதம், பாரிசவாதம் இரண்டிலும் 'வாதம்' வடசொல். 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்ற வள்ளுவரிடம் வாதத்துக்கு 'வளி' இருக்கிறதே.

மருத்துவர்:
வளி என்றால் இன்று காற்று, ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, நாளை அச்சு. 'இரத்தக் கொழுப்பு அளவு' என்று போடுகிறேன். ஆய்வகச் சீட்டில் 'லிப்பிட்' என்றுதான் இருக்கும் என்பதையும் ஒரு வரி சேர்க்கிறேன், கேட்டு வாங்க வசதியாக. 20 வயதிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தலைப்பில் 'மூளைத்தாக்கு', அதன் கீழேயே பக்கவாதம், பாரிசவாதம் இரண்டும்.

வேதியியல் ஆசிரியர்:
கடைசியில் கொழுப்பு என்றே அச்சாகிறது. ஒல்லியான பையன் தாளை மடித்துத்தான் வைப்பான். அடுத்த பதிப்பிலாவது கொழுமியம் வேண்டும்.