சுவரில் தொங்கும் கொள்கை வேலைக்கு இறங்கி வந்ததைப் பார்த்தவர்கள் உண்டா? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தார் சொல்லுங்கள்)

காட்பாடி வாசி:
பழைய வட ஆற்காடு முழுக்க எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ரிசப்ஷனில் ஒரு பலகை இருக்கிறது. நேர்மை, பாதுகாப்பு, தரம், ஒற்றுமை. நான் சின்ன இன்ஜினியரிங் யூனிட் ஒன்றில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். எங்கள் முதலாளியும் ‘நமக்கும் ஒன்று செய்துவிடு’ என்கிறார். ஃப்ளெக்ஸ் அடிக்க அரை நாள் போதும். அந்த வார்த்தைக்காக மேலே இருப்பவர் யாராவது காசையோ கௌரவத்தையோ விட்டுக்கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கேள்விப்பட்டது வேண்டாம், உங்கள் இடத்தில் நடந்தது மட்டும். கம்பெனிப் பெயரும் வேண்டாம்.

நைட் ஷிப்ட்:
பார்த்திருக்கிறேன். டேனரி, தோல் பதனிடும் இடம். தோலிலிருந்து முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவோம். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியில் சேறு தங்கும். அதோடு அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் தெரியாது. ‘வாசம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைப்பவன்தான் முதலில் விழுவான். அவனைத் தூக்கக் குதிப்பவன் அடுத்து. பேப்பரில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்த்தே செய்தி வருவது இதனால்தான்.

எங்கள் இடத்திலும் ‘தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது’ என்று தமிழிலும் உருதுவிலும் எழுதி வைத்திருந்தார்கள். ஆனாலும் பம்ப் அடைத்தால் யாராவது இறங்குவார்கள், மறுநாள் அதைப் பற்றிப் பேச்சு இருக்காது. ஒரு ராத்திரி பம்ப் அடைத்துக்கொண்டது. தோல் போட்டுச் சுற்றும் டிரம்மில் சரக்கு கிடக்கிறது, தண்ணீர் போக வழியில்லை. முதலாளியின் சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்போது பொறுப்பில் இருந்தான். ‘ஐந்து நிமிஷ வேலை, ஆளை இறக்குங்க’ என்றான். மேஸ்திரி வயசானவர், அதிகம் பேசமாட்டார். ‘வேணும்னா நீ இறங்கு தம்பி, நான் கயிறு பிடிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு டிரம்மை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

காலையில் தோல் கெட்டுப்போயிருந்தது. நல்ல நஷ்டம். மேஸ்திரிக்கு வேலை போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதலாளி வந்தார். பாய் கத்தக்கூடிய ஆள்தான், ஆனால் அன்றைக்குக் கத்தவில்லை. ஆட்கள் எல்லோரையும் நிற்கவைத்து, அந்தப் பையனைப் பார்த்து, ‘நஷ்டம் என்னுது. மேஸ்திரி செய்தது என் உத்தரவு’ என்றார். பையனை மூன்று மாதம் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். அந்த வார்த்தையைப் பத்து பேர் காதால் கேட்டதுதான் எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. அதற்கு முன்னால் சென்னையிலிருந்து வந்து புரொஜெக்டர் போட்டுக் காட்டியதெல்லாம் யாருக்கும் நினைவில்லை (மதியம் போட்ட பிரியாணி நினைவிருக்கிறது).

சத்துவாச்சாரி:
எங்கள் ஆபீஸ் பலகையில் முதல் வார்த்தை ‘நேரம் தவறாமை’. மாட்டிய மேனேஜர் பதினொன்றுக்கு வருவார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆம்பூர் லைன்:
நான் ஷூ கம்பெனியில் தையல் லைன். பேரணாம்பட்டு, மாதனூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள்தான் முக்கால்வாசி. முன்பெல்லாம் செக்கிங் டேபிளில் ஒரு அப்பர் (ஷூவின் மேல்பாகம்) ரிஜெக்ட் ஆனால், கடைசியாகத் தைத்தவள் பெயரைப் போர்டில் எழுதுவார்கள். சாயங்காலம் போர்டு முன்னால் நிற்கவைத்துப் பேசுவார்கள். விளைவு என்ன? ரிஜெக்‌ஷன் குறையவில்லை, போர்டுக்கு வருவது குறைந்தது. கெட்ட பீஸ் வேஸ்ட் மூட்டைக்குள் போனது, பண்டில் டிக்கெட் (எந்தக் கட்டை யார் தைத்தது என்று காட்டும் சீட்டு) ‘தொலைந்து’ போனது. பக்கத்து மெஷின் அக்கா தப்பாகத் தைப்பது தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டோம். காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு அதே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் யார் உட்கார்ந்து வருவது?

அப்புறம் ஒரு புது புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். பெயரை அழித்துவிட்டு, பிழை எந்த வேலையில் ஆரம்பித்தது என்று மட்டும் எழுதச் சொன்னார். கட்டிங்கா, ஸ்கைவிங்கா (தோல் ஓரத்தை மெலிதாகச் சீவுவது), ஒட்டுவதா, தையலா. ஒரு வாரம் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு அக்கா, ‘சார், தையல் விட்டு விட்டு விழுறது எங்க கைல இல்ல, ஓரம் ஒரே கனமா வரல, மடிச்சா ஊசி ஏறல’ என்றாள். போய்ப் பார்த்தால் ஸ்கைவிங் மெஷின் பிளேடு மழுங்கிக் கிடக்கிறது. சாணை பிடிப்பது யார் வேலை என்று முடிவு செய்யாமலே வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். தையல்காரிகள் திட்டு வாங்கியதில் பாதி அந்த பிளேடுக்குச் சேரவேண்டியது.

அவர் செய்த இன்னொன்றுதான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. அதே போர்டில் நிர்வாகத்துக்கும் ஒரு கட்டம் போட்டார். லைனிங் வர லேட், நூல் கலர் மாறி வந்தது, இதையெல்லாம் நாங்கள் எழுதலாம். பக்கத்தில் யார் எப்போது சரி செய்வது என்று அவர் கையெழுத்துப் போடுவார். தேதி தாண்டினால் சிவப்பு மையில் அவரே வட்டம் போட்டுக்கொள்வார்.

வார்டு சிஸ்டர்:
லைன் அக்கா சொன்னது அப்படியே எங்களுக்கும் பொருந்தும். நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஆம்பியூலும் ஒரே டிரேயில் இருக்கும், பார்க்கவும் ஒன்றுபோல. பொட்டாசியத்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நைட் டியூட்டியில் ஒரு ஜூனியர் மாற்றி எடுத்து, ஊசியில் ஏற்றும் முன் லேபிளைப் படித்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறைத்திருக்கலாம். ஆனால் காலையில் இன்சார்ஜிடம் தானே போய்ச் சொன்னாள். இன்சார்ஜ் திட்டாமல் படிவம் எழுதவைத்தார். அந்த வாரமே வார்டு டிரேயிலிருந்து பொட்டாசியத்தை எடுத்து, தனிப் பூட்டு அலமாரிக்கு மாற்றினார்கள். அவள் அன்று திட்டு வாங்கியிருந்தால் அந்த டிரே இன்னும் அப்படியே இருந்திருக்கும்.

ஆனால் எல்லாமே மன்னிப்பும் கிடையாது. பார்க்காமலே பிபி எழுதிய ஒருத்தரை அதே இன்சார்ஜ் வேலையை விட்டே அனுப்பினார். தவறுக்கும் பொய்க்கும் வேறு வேறு தராசு. அது எங்களுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பழைய யூனியன்காரன்:
நல்ல மேனேஜர், நல்ல பாய், நல்ல சிஸ்டர். நல்லவர் அமைந்தால் சரி, இல்லாவிட்டால்? போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான தொழிற்சாலைகளில் தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் சம பங்குள்ள பாதுகாப்புக் குழு வேண்டும் என்று வைத்தார்கள். எத்தனை இடத்தில் அந்தக் குழு உறுப்பினர் பெயர் ஆட்களுக்குத் தெரியும்? 2013 சட்டப்படி பத்து பேராவது வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகாருக்கு உள்ளகக் குழு இருக்கவேண்டும். லைன் அம்மா, உங்கள் கம்பெனியில் அதில் இருப்பவர் யார் என்று தெரியுமா?

டேனரிக் கழிவு கெடுத்த பாலாற்றைப் பாருங்கள். எல்லா கேட்டிலும் ‘சுற்றுச்சூழல் காப்போம்’ என்றுதான் இருந்தது. வேலூர் மக்கள் நலப் பேரவை வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ‘கெடுத்தவனே செலவையும் ஏற்கவேண்டும்’ என்று சொல்லி, ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்ட பிறகுதான் அசைந்தார்கள். அதற்குப் பிறகும் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பையன்கள். நம் ஊர் பலகையை அவர்களால் படிக்கக்கூட முடிந்திருக்காது.

ஆம்பூர் லைன்:
அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், தெரியாது. நாளைக்கே கேட்கிறேன். நீங்கள் சொன்னது போலவே அந்த மேனேஜர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டார். புதியவர் வந்த வாரமே பெயர்ப் போர்டு திரும்பி வந்தது. டிக்கெட்டும் தொலைய ஆரம்பித்துவிட்டது.

காட்பாடி வாசி:
அப்படியானால் என் கேள்வியே வேறு. ஆள் மாறியும் எதாவது நின்றிருக்கிறதா?

நைட் ஷிப்ட்:
எங்களிடம் ஒன்று நின்றிருக்கிறது. தொட்டி மூடிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேஸ்திரியிடம், ஒன்று ஆபீஸில். மூடி திறக்கவேண்டுமென்றால் ரெஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து, கேஸ் மீட்டர் அளவு, மேலே நிற்பவர் பெயர். அந்த மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார், பாயின் மகன்தான் இப்போது பார்க்கிறார். ஆனாலும் ஒரு சாவியால் யாராலும் திறக்க முடியாது, அதனால் நடக்கிறது.

பழைய யூனியன்காரன்:
சல்பைடு காற்றில் பூட்டு ஆறு மாதம் தாங்குமா?

நைட் ஷிப்ட்:
தாங்காது. பித்தளை கறுத்துப்போகும், இரும்பு துருவேறிச் சாவி சுற்றாது. வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆடிட்டர்கூட ‘இது என்ன மாதாமாதம் பூட்டுக் கணக்கு?’ என்று கேட்டார்.