மனித உரிமைகள் பாடம் எல்லாப் பீடங்களுக்கும் கட்டாயமாக வேண்டுமா?

வாவிக்கரை
இலங்கையின் கிழக்கில், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ எந்தப் பீடத்தில் படித்தாலும் முதலாம் வருடத்தில் 2 கிரெடிட் மனித உரிமைகள் பாடம் கட்டாயம் வேண்டும். 30 மணித்தியால விரிவுரை போதும். விவசாயம் படித்தவர் நாளைக்கு விவசாய உத்தியோகத்தர். முகாமைத்துவம் படித்தவர் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சனங்களுக்கு அரசாங்கம் என்றால் அந்த மேசைதான். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் எதை வைத்தும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12(2) சொல்வது அந்த மேசையில் இருப்பவருக்கு. கலைப்பீடத்துக்கு மட்டும் படிப்பித்து என்ன பயன்?

ஒலுவில் காற்று
அண்ணன், நோக்கம் சரி, வழி பிழை. முந்நூறு பேரை ஒரு மண்டபத்தில் இருத்திப் பல்தேர்வு வினா வைத்தால் என்ன நடக்கும்? உலக மனித உரிமைப் பிரகடனம் எந்த ஆண்டு? 1948. எத்தனை உறுப்புரை? 30. பிள்ளை சித்தியடைந்துவிடும். மனித உரிமைக் கல்வி பற்றிய ஐ.நா. பிரகடனம் (2011) மூன்றைக் கேட்கிறது: உரிமைகளைப் பற்றிய அறிவு, உரிமைகளை மதிக்கும் முறையில் கற்பித்தல், உரிமைகளுக்காகச் செயற்படும் ஆற்றல். மண்டப விரிவுரை முதலாவதில் பாதியைத்தான் தரும்.

அந்தந்தப் பாடத்துக்குள் புகுத்துங்கள். விவசாயப் பிள்ளைகளுக்கு, மட்டக்களப்பில் மாடு வளர்ப்போரின் நிலம் பறிபோகும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினையை விடப் பெரிய பாடம் வேறென்ன? பொறியியல் பிள்ளைகளுக்கு ஒலுவில் துறைமுகமும் அதன் பின்னான கடலரிப்பும் இருக்கிறது. கரை போனால் மீனவரின் வாடி போகும், தோணி ஏற்ற இடம் போகும். அது வாழ்வாதார உரிமை.

படுவான்கரை
இரண்டு பேரும் பாடத்தை எங்கே வைப்பது என்றுதான் கதைக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று நான் எழுதுகிறேன், ஏனென்றால் ஆட்கள் தோற்பது அங்கேதான்.

முதலில் காலக்கெடு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். எங்கள் ஆட்கள் அந்த மாதத்தில் அரசாங்க அதிபருக்கும் அமைச்சருக்கும் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அந்தக் கடிதங்கள் கெடுவை நிறுத்தாது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது, யாருக்கு எதிராக? அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் இந்த மனு. நுண்கடன் கம்பனி வீட்டுக்கு வந்து மிரட்டினால் அது பொலிஸ் முறைப்பாடு. இந்த வேறுபாடு தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகக்கூடாது.

தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போடும் விண்ணப்பத்தில் நடக்கும் பிழை இன்னும் சின்னது. ‘ஏன் எனக்கு வீட்டுத்திட்டம் தரவில்லை?’ என்று கேட்டால் சாக்குத்தான் வரும். ‘இந்தப் பிரிவின் பயனாளிகள் பட்டியல், புள்ளியிட்ட தாள், தெரிவுக்குழுக் கூட்ட அறிக்கை, இவற்றின் பிரதி’ என்று கேட்க வேண்டும். இருக்கிற ஆவணத்தைக் கேட்பதுதான் இந்தச் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு.

வாவிக்கரை
படுவான்கரை தம்பி சொன்னது கட்டாயப் பாடத்துக்கான வாதமேதான். விருப்பத் தெரிவாக வைத்தால் ஏற்கெனவே அக்கறை உள்ள இருபது பேர்தான் வருவார்கள். பல்தேர்வை விடுகிறேன். புள்ளியில் பாதி ஒரு முறைப்பாடு எழுதுவதற்கு: திகதி, இடம், செய்தவரின் பதவி, செய்த காரியம், கையில் உள்ள ஆவணம், கேட்கும் நிவாரணம். திகதி இல்லாமல் நாலு பக்கம் எழுதினால் பூச்சியம்.

ஒலுவில் காற்று
திருத்துவது யார்? 25 பேர் கொண்ட குழு என்றால் 1000 பேருக்கு 40 குழு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். தமிழில் சுருக்கம் இல்லாமல் விரிவுரையாளரின் குறிப்புத்தான் சட்டமாகிவிடும். இன்னொன்று: பகலில் அரசியலமைப்பின் சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரை, இரவில் விடுதியில் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதை முதல் வாரத்தில் படிப்பிக்காத பாடத்தைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

கல்லடிப்பாலம்
எல்லாரும் சுற்றிப்போகும் ஒன்றை நான் எழுதுகிறேன். 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு மாதம் முன், ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணில் உரிமை படிப்பித்துக்கொண்டு இவற்றைத் தொடாமல் விடலாமா? தமிழரோ முஸ்லிமோ, ஆசிரியர் தன் சமூகத்தின் இழப்பை மட்டும் சொன்னால், வகுப்பின் மறுபாதி வாயை மூடிக்கொள்ளும், பிறகு திறக்காது.

ஒழுங்கு முக்கியம். முதலில் சட்டம்: எங்கள் அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமைக்குத் தனி உறுப்புரை இல்லை, நீதிமன்ற உத்தரவின்றி யாருக்கும் மரண தண்டனை கூடாது என்னும் 13(4)இலிருந்துதான் உயர் நீதிமன்றம் அதை வருவித்தது. பிறகு 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய சட்டம். அதன் பிறகு இரண்டு நிகழ்வும் ஒரே வாரத்தில், ஆவணத்தோடு. ‘உங்கட வீட்டில் யாரும் போனதா?’ என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கக்கூடாது.

ஒலுவில் காற்று
ராத்தா, நீங்கள் சொன்னதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் முந்நூறு பேர் மண்டபத்தில் அதைச் செய்தால் காயம்தான் மிஞ்சும். மூன்றாம் வருடம், சிறு குழு, பயிற்சி எடுத்த இரண்டு ஆசிரியர்கள், இரண்டு சமூகத்திலிருந்தும்.

வாவிக்கரை
அப்படியென்றால் இப்படிப் பிரிப்போம்: முதலாம் வருடம் 1 கிரெடிட், 15 மணித்தியாலம், எல்லாருக்கும் கட்டாயம். அதில் பகிடிவதைச் சட்டம், காலக்கெடு, முறைப்பாடு எழுதுதல், தகவல் விண்ணப்பம். 1990ஐ மூன்றாம் வருடத்துக்கு விடச் சம்மதம். மூன்று வருடப் பட்டத்தோடு போகிறவர்களுக்கு அது கடைசி வாய்ப்பு, அதனால் அங்கேயும் கட்டாயம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

ஒலுவில் காற்று
முதல் 15 மணித்தியாலத்துக்குச் சம்மதம். மூன்றாம் வருடம் கட்டாயம் என்பதற்கு இல்லை. உறவை இழந்த பிள்ளையை அந்த வகுப்பில் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் உரிமை எங்களுக்குக் கிடையாது, அண்ணன்.