கலைச்சொல் தேவை: ‘போஸ்’, வெள்ளிக்கிழமைக்குள்

அனுப்பியவர்: விருகம்பாக்கம், ஒளிப்பட வகுப்பு

குழுவினருக்கு வணக்கம்.

மாலை வகுப்புக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கல்யாண ஆல்பம் எடுத்துப் பழகி, ஃபேஷன் படம் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகளுக்கானது. ஒளி, லென்ஸ், துளையளவு எல்லாம் ஒப்பேறிவிட்டது. ஏழாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். அதன் தலைப்பே ‘போஸிங்’.

உள்ளே இருக்கும் விஷயத்தைத் தமிழில் சொல்வதில் சிக்கல் இல்லை. உடம்பின் எடையைப் பின்காலில் போட்டால் அந்தப் பக்க இடுப்பு ஏறும், தோள் இறங்கும், குச்சி மாதிரி நின்ற உடம்பில் ஒரு வளைவு வரும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே பின்னணி தெரியும்படி இடைவெளி விட்டால் இடை ஒடுங்கித் தெரியும். முகவாயைச் சற்று முன்னே தள்ளித் தாழ்த்தினால் தாடைக்கோடு துலங்கும். புறங்கை முழுதாக கேமராவைப் பார்க்கக் கூடாது, கையின் விளிம்பு தெரிய வேண்டும். படத்தின் ஓரம் முட்டியிலோ மணிக்கட்டிலோ வந்து வெட்டக் கூடாது. இதெல்லாம் எழுத எழுத ஓடுகிறது. இத்தனைக்கும் சேர்த்து ஒரு பெயர்தான் கிடைக்கவில்லை. சரியாகச் சொன்னால் இரண்டு பெயர் வேண்டும். மாடல் செய்வது ஒன்று, அவரை அப்படி அமைக்கிற ஒளிப்படக்காரர் செய்வது இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரே வினையை வைத்து இரண்டையும் ஓட்டிவிடுகிறார்கள்.

வரைவில் ‘நிலை’ என்று போட்டிருந்தேன். ‘மாடலின் நிலையைக் கவனிக்கவும்’ என்ற வரியைப் படித்த மாணவி, “அவங்களுக்கு உடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டாள். உதவுங்கள்.

அனுப்பியவர்: மயிலாப்பூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர்,

உடம்பு வளைவதற்குத் தமிழில் சொல்லா இல்லை? ஒசி, ஒல்கு, நுடங்கு, துவள். கிளை ஒசியும், கொடி நுடங்கும், தளர்ந்தது ஒல்கும், வாடியது துவளும். நீங்கள் சொல்லும் ஒற்றைக்கால் சாய்வு ஒசிதல்தான். ‘ஒயில்’ என்பது ஒல்கு என்பதன் வழியில் வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். ஒய்யாரத்தையும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்ப்பேன். மறுப்பவர்கள் சான்றோடு வரட்டும்.

போஸ் என்பதற்கு ‘மெய்ந்நிலை’ என்று வையுங்கள். தொல்காப்பியர் நகை முதல் உவகை வரை எண்ணிக் காட்டிய எட்டு உணர்வுகளும் உள்ளத்தில் எழுந்து மெய்யில் தெரிபவை, அதனால் மெய்ப்பாடு. முகத்தில் தெரிவது மெய்ப்பாடு என்றால் உடம்பு நிற்பது மெய்ந்நிலை. இரண்டும் இணையாக நிற்கும். அங்கே நகரம் இரட்டிப்பது நன்னூல் விதி. மெய்ப்புப் பார்ப்பவர் அதில் கை வைக்க வேண்டாம்.

கைகளுக்குப் புதுச் சொல்லே வேண்டியதில்லை. சிலம்பின் அரங்கேற்று காதையில் ‘எழிற்கையும் தொழிற்கையும்’ என்று இருக்கிறது. அழகுக்காகக் காட்டும் கை எழிற்கை, ஒரு வேலையைக் காட்டும் கை தொழிற்கை.

சிற்பிகள் மூன்று வளைவுள்ள நிற்பைத் திரிபங்கம் என்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறார், பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. உமையின் பாதியில் இடுப்பு வெளியே வளைகிறது. ஒரே உடம்பில் ஆண் நிற்பதும் பெண் நிற்பதும் வேறு வேறாகத் தெரிவது அந்த ஒசிவினால்தான். திரிபங்கத்தை ‘மூவொசிவு’ என்று தமிழாக்கலாம்.

அனுப்பியவர்: தி. நகர், ஸ்டூடியோ

ஐயாவுக்கு வணக்கம். நான் புடவை கேட்டலாக் எடுக்கிறவன். ஒரு நாளில் முப்பது புடவை முடிக்க வேண்டியிருக்கும். “வெயிட்டைப் பின்னாடி போடுங்கம்மா, சின் கொஞ்சம் டவுன், ஷோல்டரை விடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அங்கே மெய்ந்நிலை என்று சொல்லிவிட்டு அதற்கு விளக்கமும் சொல்ல நேரம் இருக்காது. மெய் என்றால் எல்லோருக்கும் முதலில் உண்மைதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு ய், ந், ந மூன்றும் வரிசையாக வந்து நாக்கைத் தடுக்கின்றன. போஸ் எங்கள் பாட்டி வாயிலேயே இருந்த சொல், ஐயா. “என்னடா போஸ் குடுக்கிறே” என்பாள். அதைத் தமிழில்லை என்று வெளியே தள்ளினால் எனக்கு மனசு கேட்காது.

ஆனால் எழிற்கை, தொழிற்கை இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் இது தெரியாமல் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேனே! “கையை அழகா வைங்க” என்றால் விரல் விறைத்துப் போகும். முந்தானை நுனியைக் கொஞ்சம் இழுத்துவிடச் சொன்னால் அதே விரல் தானாகத் தளர்ந்து அழகாக விழும். தொழிற்கை கொடுத்தால் எழிற்கை வந்துவிடுகிறது.

கையேட்டில் புடவைக்குத் தனியாக ஒரு பத்தி சேருங்கள். மேல்நாட்டுப் பாடங்களில் காலின் வளைவைப் பற்றியே பேசுவார்கள். புடவையில் கால் எங்கே தெரிகிறது? கொசுவம் விழுகிற கோடுதான் கால். முன்காலை அரையடி முன்னே வைத்து விரலை மட்டும் ஊன்றச் சொன்னால் கொசுவம் கீழே விசிறி மாதிரி விரியும். இரண்டு காலிலும் எடை இருந்தால் துணி கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கும்.

அனுப்பியவர்: பம்மல்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் ‘நின்றான் இருந்தான் கிடந்தான் நடந்தாற்கு இடம்’ என்று பாடியது இந்த மலையைத்தான். நீர்வண்ணர் நிற்கிறார், நரசிம்மர் இருக்கிறார், அரங்கநாதர் கிடக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். ஃபேஷன் படத்திலும் இந்த நாலைத் தாண்டி அதிகம் என்ன இருக்கிறது? நின்று, உட்கார்ந்து, படுத்து, நடந்து.

இந்த நாலுக்கும் தமிழில் பிறவினை இருப்பதைக் கவனியுங்கள். நில், நிறுத்து. இரு, இருத்து. கிட, கிடத்து. நட, நடத்து. மாடல் செய்வது தன்வினை, ஒளிப்படக்காரர் செய்வது பிறவினை. விருகம்பாக்கத்துக்காரர் தேடும் வேறுபாடு நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. பாடத்துக்கு ‘நிற்றலும் நிறுத்தலும்’ என்று பெயர் வைக்கலாம். மாடலின் போஸ் ‘நிற்பு’.

அனுப்பியவர்: தி. நகர், ஸ்டூடியோ

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் “நிறுத்து” என்றால் ஷூட்டே நின்றுவிடும். கிடத்துவது குழந்தையை, இல்லாவிட்டால் உயிர் போன உடம்பை. ஒரு பொண்ணை வைத்துப் படம் எடுக்கிற இடத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

அனுப்பியவர்: குழு நிர்வாகி

ஒளிப்படமா, புகைப்படமா என்று நேற்றிரவு மட்டும் பதினொரு மடல். படத்தில் புகை எங்கே இருக்கிறது என்று ஒருவர், ஊரே சொல்வதை மாற்ற நாம் யார் என்று இன்னொருவர், நிழற்படம்தான் சரி என்று இலங்கை நண்பர். மூன்றையும் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே போஸ் மட்டும்.

அனுப்பியவர்: பெரம்பூர்

இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஆறு வருஷம் நகைக்கும் புடவைக்கும் மாடலாக இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் திரிபங்கம். சிற்பத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் தமிழில் பங்கம் என்றதும் மானபங்கம்தான் காதில் விழும். ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே அந்த எழுத்து வரக் கூடாது. மூவொசிவு கடினம்தான், ஆனாலும் அதற்கு எவ்வளவோ மேல்.

அடுத்து, பம்மல் சார் சொன்ன பிறவினை. ஒரு கடைக்கு நகை ஷூட் போயிருந்தேன். ஒளிப்படக்காரர் ஒன்றும் சொல்லாமல் வந்து முகவாயைப் பிடித்துத் திருப்பினார். மூன்றாவது தடவை நான் நகர்ந்து நின்றுகொண்டு, “எப்படித் திரும்பணும்னு சொல்லுங்க, நான் திரும்புறேன்” என்றேன். அன்றைக்குப் பிறகு அந்த இடத்திலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. நிறுத்து, இருத்து, கிடத்து என்று வரிசையாகப் படித்தபோது அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் பொம்மை இல்லை.

நம் ஜனங்கள் ‘போஸ் கொடு’ என்றுதான் சொல்கிறார்கள். கொடுப்பது மாடல். நின்று காட்டுவதும், நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்து முகத்தை அரை விரல் திருப்புவதும் எங்கள் வேலை. என்ன சொல்லை வைத்தாலும் சரி, அந்தக் ‘கொடு’ மட்டும் போய்விடக் கூடாது. அப்புறம், ‘வடிவழகி’ வேண்டாம். மாடல் என்றே இருக்கட்டும்.

அனுப்பியவர்: மயிலாப்பூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அம்மா, நீங்கள் சொன்னதற்கு மறுப்பே இல்லை. பங்கத்தை விட்டுவிடுவோம்.

ஆனால் போஸ் என்ற சொல்லின் கதையையும் பாருங்கள். பிரெஞ்சில் ‘போசே’. அது பிற்கால இலத்தீனின் ‘பவுசாரே’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு நிற்றல், ஓய்தல் என்று பொருள். ஆக அவர்கள் சொல்லின் அடியிலும் ‘நில்’ தான் இருக்கிறது! தொடக்க கால ஒளிப்படத்தில் தகட்டில் உருவம் பதிய வெகுநேரம் ஆகும் என்பதால், எதிரே இருப்பவர் தலை அசையாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். நிற்பதே வேலையாக இருந்த காலம் அது. பம்மல் நண்பரின் ‘நிற்பு’ அந்த வகையில் பழுதில்லாத சொல். என்றாலும் உட்கார்ந்த போஸை நிற்பு என்பது எப்படி என்ற கேள்வி இருக்கிறது. மெய்ந்நிலைக்கு அந்தக் குறை இல்லை.

அனுப்பியவர்: விருகம்பாக்கம், ஒளிப்பட வகுப்பு

அனைவருக்கும் நன்றி. இப்போது வியாழன் இரவு மணி பதினொன்று. அச்சகத்துக்குக் காலையில் கோப்பு போக வேண்டும்.

இதுவரை கருத்துச் சொன்னவர்களில் ஏழு பேர் போஸ் அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். நான்கு பேருக்குத் ‘தோரணை’ என்ற சொல் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் தயக்கம், தோரணையில் அதிகாரம் தொனிக்கிறது, தளர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. மெய்ந்நிலைக்கு இருவர், நிற்புக்கு ஒருவர்.

அதனால் இப்படிப் போகிறது: மாடல் செய்வது ‘போஸ் கொடுத்தல்’. ஒளிப்படக்காரர் செய்வது ‘போஸ் அமைத்தல்’. பம்மல் நண்பர் காட்டிய தன்வினை, பிறவினை வேறுபாடு இந்த இரண்டு வினையில் நின்றுவிடுகிறது. பெரம்பூர் அம்மா கேட்ட ‘கொடு’வும் இருக்கிறது. பாடத்தின் முதல் பத்தியாகவே எழுதிவிட்டேன்: ‘மாடலைத் தொட்டுத் திருப்பாதீர்கள். வாயால் சொல்லுங்கள், அல்லது நீங்களே எதிரே நின்று செய்து காட்டுங்கள். அவர் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்துச் செய்வார்.’ பழைய வரைவில் இது கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பாக இருந்தது.

கைப்பகுதிக்கு எழிற்கை, தொழிற்கை. இதை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்பவை உட்தலைப்புகள். மூவொசிவை அர்த்தநாரி படத்தின் கீழ் ஒரே ஒரு இடத்தில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்களா என்று பார்க்கலாம்.

அனுப்பியவர்: மயிலாப்பூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பாட்டி சொன்னாள் என்பது ஒரு சொல் பழகிவிட்டது என்பதற்குத்தான் சான்று. அதற்குத் தமிழில் இணை தேட வேண்டாம் என்று ஆகிவிடாது. இன்றைக்குத் தடுக்கும் நாக்கு பத்து வருஷம் சொன்னால் பழகும். ‘மெய்ஞ்ஞானம்’ என்று நாம் எல்லோரும் தடுக்காமல்தானே சொல்கிறோம்? அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுப்புவேன்.

ஒன்பதாம் பாடத்தில் ‘எக்ஸ்பிரஷன்’ வருகிறதென்று போன வாரம் சொன்னீர்கள். கோப்பு இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது, தம்பி? அங்கே மெய்ப்பாடு என்று போடுங்கள். விளக்கக் குறிப்பு நான் இப்போதே எழுதித் தருகிறேன், விழித்துத்தான் இருக்கிறேன்.